பாவை விரிவதும் கண் நீள்வதும்

கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளின் கண்ணில், பாவையை விரிக்கும் சொட்டு மருந்து மூன்று காரணங்களுக்காக விடப்படுகிறது. கண்ணாடியின் பவரைப் பிசகில்லாமல் அளப்பதற்கு ஒன்று. விழித்திரையை ஓரம்வரை பார்ப்பதற்கு ஒன்று. கண் மேற்கொண்டு நீண்டுபோவதை மட்டுப்படுத்துவதற்கு இன்னொன்று. இவற்றில் பாவை விரிந்தே ஆக வேண்டும் என்ற தேவை இரண்டாவதற்கு மட்டும்தான் உண்டு. மற்ற இரண்டிலும் மருந்து செய்ய வேண்டிய வேலை வேறு; பாவை விரிவது அந்த வேலையோடு ஒட்டி வரும் விளைவு. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது விரிந்த பாவை ஒன்றுதான். 'கண்மணியைப் பெரிசாக்குகிற மருந்து' என்று அதற்குப் பெயர் வந்ததும் அதனால்தான். பெற்றோர் மனதில் எழும் குழப்பங்களில் பாதி இந்தப் பெயரிலிருந்தே கிளம்புகின்றன. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரவைத்து விட்ட மருந்தும், தினம் இரவில் வீட்டில் விடச் சொல்லும் மருந்தும் ஒன்றா? ஒன்றென்றால் பிள்ளை தினமும் மங்கலாகவா பார்க்கும்? கண்ணைக் கூசவைக்கும் மருந்து கண்ணைக் காப்பது எப்படி?

விடை கண்ணுக்குள் இருக்கும் மூன்று தசைகளிலிருந்து தொடங்குகிறது. கருவிழியில் பாவையைச் சுற்றி வளையமாக ஒரு தசை ஓடுகிறது. அது சுருங்கினால் பாவை சிறுக்கும். சக்கரத்தின் ஆரக்கால்போல் விளிம்பை நோக்கி ஓடும் இன்னொரு தசை சுருங்கினால் பாவை விரியும். மூன்றாவது, கருவிழிக்குப் பின்னால் விழிலென்சைச் சூழ்ந்திருக்கும் சிலியரித் தசை. புத்தகத்தைக் கிட்டே கொண்டுவரும்போது இந்தத் தசை சுருங்குகிறது. லென்சைப் பிடித்திருக்கும் மெல்லிய இழைகள் தளர்கின்றன. இழுவை விட்ட லென்சு தடித்துப் புடைக்கிறது. கிட்டே உள்ள எழுத்து தெளிகிறது. பள்ளிப் பாடநூலில் விழி ஏற்பமைவுத் திறன் என்று வருவது இதுதான்.

வளையத் தசையும் சிலியரித் தசையும் ஒரே நரம்பு வழியாக, அசெட்டைல்கோலின் என்ற ஒரே வேதித் தூதின் கட்டளையைப் பெறுகின்றன. அந்தத் தூது வந்து அமரும் இடத்தை அட்ரோபின் போன்ற மருந்து முந்திக்கொண்டு அடைத்துவிடுகிறது. கட்டளை கிடைக்காமல் இரண்டு தசைகளும் ஓய்ந்துவிடுகின்றன. வளையத் தசை ஓய்ந்தால், எதிர்த்து இழுக்க ஆளில்லாத ஆரத் தசை பாவையை விரிக்கிறது. சிலியரித் தசை ஓய்ந்தால் லென்சு தட்டையாகவே நின்று, கண் தூரப் புள்ளியில் நிலைகுத்திவிடுகிறது. பாவை விரிதலும் குவியம் நிலைகுத்துதலும் இரண்டு தனித்தனிச் செயல்கள். ஒரே மருந்தால் நடப்பதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஃபெனைலெஃப்ரின் என்ற மருந்து இதற்குச் சான்று. அது ஆரத் தசையை மட்டும் தூண்டுகிறது. அதனால் பாவை விரிகிறது, ஆனால் படிக்கும் திறன் அநேகமாக அப்படியே இருக்கிறது.

அட்ரோபின் வகை மருந்துகளுக்குள் வேறுபடுவது முக்கியமாக வலுவும் கால அளவும். டிராப்பிகாமைடு அரை மணி நேரத்தில் வேலையைக் காட்டி நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் விட்டுவிடும். சைக்ளோபென்டொலேட் ஒரு மணி நேரத்துக்குள் தசையை நன்றாக ஓயவைக்கும். முழுவதும் விலக ஒரு நாள் ஆகலாம். ஹோமாட்ரோபின் ஒன்றிலிருந்து மூன்று நாள் நிற்கும். 1 சதவீத அட்ரோபின் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை விடாது.

அட்ரோபின் இந்தக் குடும்பத்தின் மூத்தது. ஐரோப்பாவில் வளரும் பெல்லடோனா என்ற செடியிலிருந்து 1830-களில் அது தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. செடியின் பெயருக்கு இத்தாலிய மொழியில் 'அழகிய பெண்' என்று பொருள். பாவை பெரிதாகத் தெரிந்தால் அழகு என்று அதன் சாற்றைப் பெண்கள் கண்ணில் விட்டுக்கொண்டார்கள் என்பது பெயருக்குச் சொல்லப்படும் காரணம். மருந்தின் பெயரோ, உயிரின் நூலை அறுக்கும் கிரேக்க விதித் தேவதையான அட்ரோபோஸிடமிருந்து வந்தது. அழகு செடியின் பெயரிலும் சாவு மருந்தின் பெயரிலும் அமர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இதே நஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்த செடி வேலியோரத்தில் தானாக முளைக்கிறது: சிவனுக்குச் சூட்டும் ஊமத்தை. அதன் இலையிலும் விதையிலும் அட்ரோபினும் அதன் உறவு நஞ்சுகளும் உண்டு. ஊமத்தையைப் பிடுங்கிய கையோடு கண்ணைக் கசக்கியவருக்கு அந்த ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து நிற்பதுண்டு. தலைக்குள் ஏதோ ஆபத்தென்று பயந்து ஓடிவருகிறவரிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தோட்டத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்பது.

இனி முதல் பயன். பிள்ளைகளுக்குக் கண்ணாடி அளவு பார்க்கும்போது மருந்து விடுவது ஏன்? பெரியவர்களுக்கு விடாமலேயே பார்க்கிறார்களே என்ற கேள்வி நியாயமானது. பத்து வயதுப் பிள்ளையின் லென்சு மிக இளகியது. அதன் ஏற்பமைவுத் திறன், கண்ணாடிப் பவரை அளக்கும் அதே அலகில், 12 டையாப்டருக்கு மேல் இருக்கும். நாற்பத்தைந்து வயதில் இதில் சிறு பகுதிதான் மிஞ்சும். இவ்வளவு வலுவுள்ள தசை, அளவெடுக்கும் நேரத்தில் சும்மா இருப்பதில்லை. கருவியின் துளைக்குள் தெரியும் படத்தை உற்றுப் பார்க்கும் பிள்ளை, தன்னை அறியாமல் கிட்டத்துக்குக் குவித்துவிடுகிறது. தூரத்தில் இருக்க வேண்டிய குவியம் கிட்டே வந்துவிட, கருவி அதைக் கிட்டப்பார்வை என்று எழுதித் தருகிறது. கிட்டப்பார்வையே இல்லாத பிள்ளைக்கு மைனஸ் ஒன்று, ஒன்றரை என்று சீட்டு வந்துவிடலாம். உண்மையில் மைனஸ் இரண்டு உள்ள பிள்ளைக்கு மூன்று என்று வரலாம். இன்னும் சில பிள்ளைகளுக்கு இடைவிடாத கிட்ட வேலையால் சிலியரித் தசை இறுகிப்போய்த் தளர மறுக்கும். இதைப் போலிக் கிட்டப்பார்வை என்பார்கள். மருந்து விட்டதும் அந்தப் பவர் கரைந்துவிடும்.

அளவுக்கு மீறிய மைனஸ் கண்ணாடி கொடுத்தால் பிள்ளை 'தெரியவில்லை' என்று சொல்லாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். கூடுதல் மைனஸை இளம் லென்சு தசையால் ஈடுகட்டிவிடும். எழுத்து கூர்மையாகவே தெரியும். நாள் முழுக்க அந்தத் தசை வேலை செய்துகொண்டே இருப்பதால் தலைவலியும் கண் அயர்ச்சியும் வரும். காரணம் கண்ணாடிதான் என்று யாருக்கும் தோன்றாது. ஆகவே பிள்ளையின் முதல் கண்ணாடியை மருந்து விடாமல் எழுதுவது அவசரப்பட்டுச் செய்யும் வேலை. ஒரு மணி நேரக் காத்திருப்பைச் சலித்துக்கொள்ளும் பெற்றோர் அறிய வேண்டியது, அந்த ஒரு மணி நேரத்தில் அளவுகோலே நேராக்கப்படுகிறது என்பது.

மிகச் சிறிய பிள்ளைகளுக்கு, குறிப்பாக மாறுகண் இருந்தால், வீட்டிலேயே மூன்று நாள் அட்ரோபின் களிம்பு போட்டுவிட்டு வரச் சொல்வது வழக்கம். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சைக்ளோபென்டொலேட்டோ ஹோமாட்ரோபினோ போதும். மருந்தின் வேகம் இறங்கிய பிறகு மறுபடி ஒருநாள் வரவழைத்து, தசை தன் இயல்புக்குத் திரும்பிய நிலையில் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கச் செய்வதும் நம் நாட்டு நடைமுறையில் உண்டு. இரண்டாவது வருகையை வீண் அலைச்சல் என்று விட்டுவிடுபவர்கள் பலர். முடிவான பவர் எழுதப்படுவது அன்றைக்குத்தான்.

கருமையும் பழுப்புமான கண்களில் இந்த மருந்துகள் மெதுவாகவே ஏறுகின்றன. கருவிழிக்கு நிறம் தரும் மெலனின் மருந்தின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொண்டு பிறகு கொஞ்சங்கொஞ்சமாக விடுகிறது. நீலக் கண்ணுக்கு ஒரு சொட்டு போதுமென்றால், நம் பிள்ளைகளுக்குப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை விட வேண்டியிருக்கிறது, விலகுவதும் தாமதமாகிறது. 'எனக்கு மட்டும் திரும்பத் திரும்ப விடுறாங்க' என்று பிள்ளை அழுவதற்குக் காரணம் அதன் கண்ணின் கருமைதான்.

மருந்து ஏறிய கிட்டப்பார்வைக் கண் எப்படிப் பார்க்கும் என்பது, அதே மருந்து ஏறிய மற்றக் கண்களிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. இதைத் தெரிந்துகொண்டால் பிள்ளையின் அன்றைய மாலைப்பொழுது எளிதாகும். மைனஸ் மூன்று உள்ள கண், தசை முழுவதும் ஓய்ந்திருக்கும்போது, சுமார் 33 செ.மீ. தூரத்தில் தெளிவாகப் பார்க்கும். அதுதான் அதன் தூரப் புள்ளி. புத்தகம் பிடிக்கும் தூரமும் அநேகமாக அதுவே. எனவே மருந்து விட்ட பின் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அந்தப் பிள்ளை தாராளமாகப் படிக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டால்தான் படிக்க முடியாது. கண்ணாடி அதன் குவியத்தைத் தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அங்கிருந்து கிட்டத்துக்குக் கொண்டுவர வேண்டிய தசையோ தூங்குகிறது. மைனஸ் ஆறு உள்ள பிள்ளைக்குத் தெளிவான இடம் 17 செ.மீ.; புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோக வேண்டும். மைனஸ் ஒன்று உள்ள பிள்ளைக்கு அது ஒரு மீட்டரில் இருப்பதால் கண்ணாடி போட்டாலும் கழற்றினாலும் புத்தகம் மங்கல்தான். பவர் இல்லாத பிள்ளையும் இதே நிலையில் தவிக்கும். தூரப்பார்வைக் குறை உள்ள பிள்ளைக்கோ கண்ணாடி இல்லாமல் எந்தத் தூரத்திலும் எதுவும் தெளியாது. மற்ற எல்லா விஷயத்திலும் சிரமப்படும் கிட்டப்பார்வைக் கண்ணுக்கு இந்த ஒரு நாளில் மட்டும் ஒரு சலுகை உண்டு.

தூரப் பார்வையில் நிலைமை தலைகீழ். கண்ணாடி இல்லாத மைனஸ் மூன்று கண்ணுக்கு ஒளிப்புள்ளி எதுவும் புள்ளியாகத் தெரிவதில்லை. மங்கலான வட்டமாகப் படர்ந்து தெரியும். அந்த வட்டத்தின் அகலம் பவரை மட்டும் சார்ந்ததல்ல, பாவையின் அகலத்தையும் சார்ந்தது. பாவை 4 மி.மீ. இருக்கும்போது, 6 மீட்டர் தூரத்துக் கரும்பலகையில் உள்ள ஒரு புள்ளி சுமார் 7 செ.மீ. வட்டமாகப் பரவும், மருந்தால் பாவை 8 மி.மீ. ஆனால் வட்டம் சுமார் 14 செ.மீ. ஆகிவிடும். கிட்டப்பார்வைப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணை இடுக்கிக்கொள்வது, திறப்பைக் குறுக்கி இந்த வட்டத்தைச் சிறிதாக்கத்தான். கிட்டப்பார்வைக்கு வழங்கும் 'மையோபியா' என்ற கிரேக்கப் பெயரே கண்ணை மூடி இடுக்குவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. எனவே மருந்து விட்ட நாளில் தூரத்துக்குக் கண்ணாடி வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படும். வீதியில் நடக்கும்போது போட்டுக்கொள்வது, படிக்கும்போது கழற்றிவிடுவது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியான வழி. பாவையின் அகலம் இரட்டிப்பானால் உள்ளே நுழையும் வெளிச்சம் நான்கு மடங்காகும். கூச்சத்துக்குக் காரணம் அதுவே. தொப்பியோ குளிர்க்கண்ணாடியோ போதும். இதனால் கண்ணுக்குக் கேடு வருவதில்லை.

இரண்டாவது பயனுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை; ஆனால் கிட்டப்பார்வையில் அதற்குத் தனி எடை உண்டு. நீண்டு வளர்ந்த கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. மெலிவு முதலில் தென்படுவது பெரும்பாலும் ஓரத்தில்: வலைப்பின்னல்போல் தேய்ந்த பட்டைகள், ஊசித்துளைபோன்ற ஓட்டைகள். விரியாத பாவை வழியாக அந்த ஓரத்தைப் பார்ப்பது, சாவித் துவாரம் வழியாக அறையின் மூலையைத் தேடுவதற்குச் சமம். ஓட்டை ஒன்று முன்கூட்டியே தெரிந்தால் தேவைக்கேற்ப லேசர் கொண்டு சுற்றிலும் ஒட்டவைத்துவிடலாம். தெரியாமல் விட்டால் அதன் வழியே நீர் புகுந்து விழித்திரை பிரிந்துபோகக்கூடும்.

பாவையை விரித்தால் கண்ணழுத்தம் திடீரென்று ஏறிவிடும் என்ற அச்சம் பெரியவர்களில் சிலருக்குப் பொருந்தும். கண்ணின் முன்னறை ஆழம் குறைந்தவர்களுக்கே அந்த ஆபத்து. கிட்டப்பார்வைக் கண்ணின் முன்னறை இயல்பாகவே ஆழமானது; அதனால் இந்த வகையில் அது பாதுகாப்பான கண்.

மூன்றாவது பயனே இன்று அதிகம் பேசப்படுவது. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக 16 அல்லது 17 மி.மீ. நீளம் இருக்கும். வளர்ந்தவருடையது 23 அல்லது 24 மி.மீ. இந்த வளர்ச்சி குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. குவியம் விழித்திரையில் வந்து விழும் இடம் பார்த்துக் கண் தன் நீளத்தைத் தானே சரிசெய்துகொள்கிறது. அந்தச் சரிசெய்தல் தவறிக் கண் நிற்காமல் நீளும்போது கிட்டப்பார்வை உண்டாகிறது. வளர்ந்த கண் 1 மி.மீ. கூடுதலாக நீண்டால் ஏறத்தாழ இரண்டரையிலிருந்து மூன்று டையாப்டர் மைனஸ் ஏறும். மைனஸ் ஆறைத் தாண்டியதைக் கடுமையான கிட்டப்பார்வை என்பார்கள். விழித்திரைப் பிரிவு, நடுவிழித்திரைச் சிதைவு, கண்ணழுத்த நோய் ஆகியவை அங்கே நெருங்கி வருகின்றன. 2016-இல் வெளியான ஒரு கணிப்பு, 2050-இல் உலக மக்களில் பாதிப்பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்றும், பத்தில் ஒருவருக்கு அது கடுமையாக இருக்கும் என்றும் சொன்னது. கண்ணாடி இதற்கு மருந்தல்ல. அது மங்கலைப் போக்குகிறது, நீளத்தைத் தொடுவதில்லை.

கண்ணின் தசைக்கு ஓய்வு கொடுத்தால் கிட்டப்பார்வை ஏறாது என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. படிப்பால் தசை இறுகுகிறது, இறுக்கத்தால் கண் நீள்கிறது, ஆகவே அட்ரோபின் விட்டுத் தசையை ஓயவைக்கலாம் என்பது அதன் கணக்கு. நோக்கம் சரி, கணக்கு தவறு. அது தவறென்று காட்டியவற்றுள் கோழிக்குஞ்சும் ஒன்று. வளரும் விலங்கின் கண்ணைத் தெளிவான காட்சி கிடைக்காதபடி மறைத்தால் கண் நீண்டுவிடும் என்பதை 1977-இல் டார்ஸ்டன் வீசலும் எலியோ ராவியோலாவும் குரங்குகளில் கண்டிருந்தார்கள். கோழிக்குஞ்சிலும் அவ்வாறே நடந்தது. அட்ரோபின் கொடுத்தபோது அந்த நீட்சி நின்றது. இதில் வியப்பு என்னவென்றால், பறவையின் கருவிழித் தசையும் சிலியரித் தசையும் நம்முடையவை போன்றவை அல்ல. கை கால் தசைபோல வரித்தசைகள். அவற்றின் கட்டளை வாயில் வேறு வகை. அட்ரோபினால் அதை அடைக்க முடியாது. குஞ்சின் பாவை விரியவில்லை, குவியமும் ஓயவில்லை, ஆனாலும் கண் நீள்வது நின்றது. 1990-களின் தொடக்கத்தில் வந்த இந்த முடிவு ஒரு நூற்றாண்டுக் கணக்கைக் கலைத்தது. மருந்து தசை வழியாக வேலை செய்யவில்லை. விழித்திரையிலோ, அதற்குப் பின்னுள்ள கொராய்டு, ஸ்கிளிரா உறைகளிலோ வளர்ச்சிக் கட்டளை போகும் வழியில் எங்கேயோ குறுக்கிடுகிறது. சரியான இடம் எது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்துவிடவில்லை. பாவை விரிவதற்கும் கண் நீள்வது குறைவதற்கும் நேரடித் தொடர்பில்லை என்பது மட்டும் உறுதி. பாவையை அதிகம் விரிக்காத அளவில் மருந்தைக் குறைத்தாலும் பயன் மிஞ்சுமா என்று கேட்க இடம் கிடைத்ததும் இதனால்தான்.

அந்தக் கேள்விக்கான விடை கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ள பகுதி அது. தைவானில் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகவே பிள்ளைகளுக்கு அட்ரோபின் எழுதிவந்தார்கள். சிங்கப்பூரில் 6 முதல் 12 வயதுவரையுள்ள 400 பிள்ளைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2006-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு ஒரு கண்ணில் மட்டும் 1 சதவீத அட்ரோபின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத சொட்டு. இரண்டு ஆண்டுகளில் மருந்தில்லாத சொட்டு விட்ட கண்ணில் 1.20 டையாப்டர் ஏறியது. மருந்து விட்ட கண்ணில் 0.28 மட்டுமே. மருந்து பெற்ற கண் ஏறக்குறைய நீளவே இல்லை. ஆனால் பாவை அகன்று கிடந்தது, வெயில் கூசியது, கிட்டத்தில் படிக்க வேறு கண்ணாடி வேண்டியிருந்தது. அதைவிடக் கவலையான செய்தி, மருந்தை நிறுத்திய பிறகு வந்தது: அடுத்த ஓராண்டில் அந்தக் கண்களில் பவர் 1 டையாப்டருக்கு மேல் துள்ளி ஏறியது. அடக்கிவைத்த வில் நிமிர்வதுபோன்ற இந்த மீள்பாய்ச்சல், பெற்றதில் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொண்டது.

அதனால் அதே குழு அளவைக் குறைத்துப் பார்த்தது. இன்னொரு 400 பிள்ளைகள், 0.5, 0.1, 0.01 சதவீதம் என்று மூன்று அளவுகள். 0.01 சதவீதம் என்பது வழக்கமான மருந்தில் நூறில் ஒரு பங்கு; பெரிதாக ஒன்றும் செய்யாது, ஒப்பீட்டுக்கு உதவும் என்றே முதலில் கருதப்பட்டது. 2012-இல் முடிவு வந்தபோது இரண்டாண்டு ஏற்றம் முறையே 0.30, 0.38, 0.49 டையாப்டர். நூறில் ஒரு பங்கும் பெரிய அளவுக்கு அருகே வந்து நின்றிருந்தது. மருந்தை நிறுத்திய ஆண்டிலோ வரிசை தலைகீழானது: 0.5 சதவீதக் குழுவில் 0.87 ஏறியது, 0.01 குழுவில் 0.28 மட்டும். பாவை 0.01-இல் சுமார் 1 மி.மீ.தான் விரிந்தது, பெரிய அளவுகளில் 3 மி.மீ. உலகெங்கும் 0.01 சதவீதச் சொட்டு பரவியது இந்த முடிவுக்குப் பிறகுதான்.

அந்த உற்சாகத்தில் ஒரு எண் சரியாகக் கவனிக்கப்படவில்லை. 0.01 குழுவில் பவர் குறைவாக ஏறியதே தவிர, கண் இரண்டு ஆண்டில் 0.41 மி.மீ. நீண்டிருந்தது. முந்தைய சோதனையில் மருந்தே பெறாத கண்கள் நீண்டது 0.38 மி.மீ. அபாயம் நீளத்தில் இருக்கும்போது, நீளத்தைக் குறைக்காத மருந்தை எப்படி மதிப்பது? மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழு இரண்டாவது சோதனையில் இல்லாததால் இதற்கு அப்போது விடை காண முடியவில்லை. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம் 438 பிள்ளைகளிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனை அந்தக் குறையைத் தீர்த்தது. ஓராண்டில் வெற்றுச் சொட்டு பெற்றவர்களுக்கு 0.81 டையாப்டர் ஏற்றம், 0.01 சதவீதத்தில் 0.59, 0.025-இல் 0.46; 0.05-இல் 0.27. கண்ணின் நீட்சியும் அதே வரிசையில்: 0.41, 0.36, 0.29, 0.20 மி.மீ. மூன்று அளவிலும் பாவை விரிவும் ஏற்பமைவுக் குறைவும் பிள்ளைகள் தாங்கும் வரம்புக்குள் இருந்தன, 0.05-இல்கூட வெளிச்சத்தில் பாவை சுமார் 1 மி.மீ.தான் கூடியது. ஆக 0.01 மென்மையானது, ஆனால் வலுக் குறைந்தது. பயனுக்கும் தொந்தரவுக்கும் நடுவே நல்ல இடத்தில் நிற்பது 0.05 என்பது அந்தக் குழுவின் முடிவு.

மற்ற நாடுகளின் முடிவுகள் ஒரே குரலில் பேசவில்லை. இந்தியாவில் பல மையங்களில் சேர்ந்து நடத்தி 2021-இல் வெளியான சோதனையில், 0.01 சதவீதம் பெற்ற பிள்ளைகளுக்கு ஓராண்டில் 0.16 டையாப்டரும் பெறாதவர்களுக்கு 0.35-உம் ஏறின. அமெரிக்காவில் 187 பிள்ளைகளிடம் நடந்து 2023-இல் வெளியான சோதனையில் அதே 0.01 சதவீதம் வெற்றுச் சொட்டைவிட எந்தவகையிலும் மேலாக இல்லை. இனம், கருவிழியின் நிறம், கிட்டப்பார்வை ஏறும் இயல்பான வேகம் என்று பல காரணங்கள் இந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்படுகின்றன. ஒரு நாட்டில் பலித்த அளவை இன்னொரு நாட்டுப் பிள்ளையின் கண்ணில் அப்படியே நம்பி விட்டுவிட முடியாது என்பதால்தான், மருந்து தொடங்கிய பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவரும் கண் நீளமும் அளந்து பார்ப்பது கட்டாயமாகிறது. நீளம் அளக்காமல் மருந்தைத் தொடர்வது, எடை பார்க்காமல் குழந்தைக்கு ஊட்டச்சத்து கொடுப்பது போன்றது.

ஹாங்காங் குழு 2023-இல் இன்னொரு முடிவையும் வெளியிட்டது. இன்னும் கிட்டப்பார்வை வராத, 4 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகள் 0.05 சதவீதச் சொட்டு விட்டதில், 28 சதவீதத்தினருக்கே கிட்டப்பார்வை வந்தது. வெற்றுச் சொட்டு பெற்றவர்களில் 53 சதவீதத்தினருக்கு வந்தது. வந்த பின் மட்டுப்படுத்துவதோடு, வருவதையே தள்ளிப்போடவும் முடியலாம் என்பதற்கு இது முக்கியமான சான்று. அதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து என்று ஆகிவிடாது. மருந்தில்லாமல் இதே திசையில் வேலை செய்யும் ஒன்று ஏற்கெனவே உண்டு: பகல் வெளிச்சம். சீனாவின் குவாங்சௌ நகரத் தொடக்கப் பள்ளிகளில் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கவைத்ததில், மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்திலிருந்து 30.4 சதவீதமாகக் குறைந்தார்கள். மாலையில் விளையாட விடாமல் டியூஷனுக்கு அனுப்பிவிட்டு இரவில் சொட்டு விடுவது, ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பதே.

மருந்தின் தீங்குகளை அளவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 1 சதவீத அட்ரோபினின் ஒரு சொட்டில் சுமார் அரை மி.கி. மருந்து இருக்கிறது. பெரியவருக்கு இதயத் துடிப்பு குறையும்போது ஊசியில் செலுத்தும் அளவுக்கு அது கிட்டத்தட்ட சமம். 0.01 சதவீதச் சொட்டில் இருப்பது அதில் நூறில் ஒன்று. கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய் வழியே மருந்து இரத்தத்தில் கலக்கும். தொண்டையில் கசப்புத் தட்டுவது அதனால்தான். சொட்டு விட்டதும் கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண்மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் இந்தக் கசிவு பெரிதும் குறையும். வலுவான அளவு உடம்பில் ஏறினால் வாய் வறளும், முகம் சிவக்கும், வியர்வை நின்று உடம்பு கொதிக்கும், நெஞ்சு படபடக்கும், பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் மருந்தை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் உடம்பு அட்ரோபினுக்கு அதிகமாக எதிர்வினை காட்டும் என்பதால் அவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சைக்ளோபென்டொலேட்டும் வலுவான அளவில் சிறு பிள்ளைகளுக்குச் சிறிது நேரம் பிதற்றலை உண்டாக்கலாம்.

5 மி.லி. புட்டி ஒன்றில் 1 சதவீத அட்ரோபின் 50 மி.கி. இருக்கிறது. தவழும் தம்பியோ தங்கையோ அதைக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பூச்சிமருந்து நஞ்சேறியவரைக் காப்பாற்ற ஊசியில் செலுத்தப்படுவதும் இதே அட்ரோபின்தான். அளவுதான் அதை மருந்தாகவோ நஞ்சாகவோ ஆக்குகிறது. 1 சதவீதப் புட்டியை வாங்கி வீட்டில் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. அளவும் தவறும், கிருமியும் சேரும்.

குறைந்த அளவுச் சொட்டை இரவு படுக்கப்போகும் முன் விடுவது வழக்கம். பாவை விரிவின் பெரும்பகுதி தூக்கத்திலேயே கழிந்துவிடும். காலையில் பள்ளிக்குப் போகும்போது மிச்சமிருக்கும் கூச்சம் சிறிது. அது தொல்லையாக இருந்தால் வெயிலில் தானே கருக்கும் கண்ணாடி உதவும். கிட்டத்தில் படிக்கத் தடுமாறும் பிள்ளையை அதட்டாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; அளவை மாற்றவோ படிக்கும் கண்ணாடி சேர்க்கவோ வழி உண்டு. வழக்கமான கண்ணாடியைச் சொட்டு தொடங்கியதும் விட்டுவிடலாம் என்று நினைப்பது தவறு. ஏற்கெனவே ஏறிய பவரை மருந்து இறக்குவதில்லை. மேலும் ஏறுவதைத்தான் மெதுவாக்குகிறது. இந்த மெதுவான பலன் வெளியில் எதுவும் தெரியாமல் நடப்பதால், நான்கு மாதம் விட்டுப் பார்த்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லை' என்று நிறுத்துபவர்கள் உண்டு. மாறாமல் இருப்பதே இங்கே பலன்.

எப்போது நிறுத்துவது என்பது தொடங்குவதைவிடக் கடினமான முடிவு. சிறு வயதிலேயே நிறுத்தினால் மீள்பாய்ச்சல் அதிகம். கண் இன்னும் வளரும் வேகத்தில் இருப்பதால் அடங்கியிருந்த நீட்சி மறுபடி எழுகிறது. வலுவான அளவிலிருந்து சட்டென்று நிறுத்தினாலும் அப்படியே. எனவே குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ந்து, ஏற்றம் ஓய்ந்துவிட்டது என்று அளவுகள் காட்டிய பின், பதின்ம வயதில், படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது பெரும்பாலான கண் மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வழி. நிறுத்திய பின் ஓராண்டு கண்காணிப்பு உண்டு. பவர் துள்ளினால் மருந்து மறுபடி தொடங்கப்படும்.

நீண்டுவிட்ட கண் மருந்தால் சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. வளர்ச்சி நின்று, இரவுச் சொட்டு நின்று, கண்ணாடியின் பவரும் மாறாமல் நிலைத்த பிறகும், மைனஸ் ஆறைத் தொட்ட ஒருவரின் விழித்திரை ஓரம் மெலிந்தபடியே இருக்கும். அதைப் பார்ப்பதற்காக ஆண்டுக்கு ஒருமுறை டிராப்பிகாமைடு விட்டுப் பாவையை விரிப்பது அவருக்கு வாழ்நாள் முழுவதும் தொடரும்.